குழந்தைக் கரப்பானும் பூச்சு மருந்துகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கைக்குழந்தையின் கன்னத்திலும் நெற்றியிலும் செம்மை படர்ந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டி, இரவெல்லாம் அரித்து அதனை உறங்கவொட்டாது செய்யும் நோயை நம்மவர் கரப்பான் என்பர். மேலைத்தேய வைத்தியம் அதனை எக்சிமா என அழைக்கும். இக்கட்டுரை அந்நோயைப் பற்றியதன்று. அதனைத் தணிப்பதற்கெனக் குழந்தையின் தோலிற் பூசப்பட்ட பொருள்களைப் பற்றியது. எப்பொருள்கள் தீங்கற்றவை எனக் கருதப்பட்டன, அக்கருத்து எவ்வாறு பொய்த்தது என்பதே இங்கு ஆராயப்படுவது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை நோக்குமிடத்து, பெருந்தீங்குகள் பலவும் 'இதனால் என்ன கெடுதி வந்துவிடும்' என்று எவரும் ஐயுறாத பொருள்களிலிருந்தே விளைந்தன என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பிய வைத்தியரை வருத்திய வினா வேறொன்று. எம்மருந்து தீங்கற்றது என்பதன்று, நோயைக் குணப்படுத்துவதே தீங்கற்றதா என்பதே அது. உடலினுள்ளே கெட்ட நீர் தோல் வழியாக வெளியேறுகிறது. அதனை அடைத்தால் நோய் உள்ளே சென்று மூளையையோ நுரையீரலையோ தாக்கும் என்று அவர்கள் நம்பினர். நம் வீடுகளிலும் முதியோர் 'கரப்பானை அமுக்கக் கூடாது' என்று சொல்லக் கேட்கிறோம். இரு நிலங்களிலும் ஒரே அச்சம் நிலவியமை வியப்புக்குரியது. வியன்னாவிற் பணியாற்றிய பேர்டினண்ட் வொன் ஹெப்ரா (1816–1880) இக்கொள்கையை எதிர்த்தார். நல்ல தோலிலே நேர்வாள எண்ணெயைத் தடவி எக்சிமாவை ஒத்த புண்ணைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். வெளியிலிருந்து வரும் பொருளே தோலைக் கெடுக்க வல்லதெனில் நோயின் காரணத்தை உடல்நீரிலே தேட வேண்டுவதில்லை, தோலிலேயே அதற்குச் சிகிச்சையளிக்கலாம் என்பது அவர் துணிபு. தோல் வைத்தியம் தனித் துறையாகத் தலையெடுத்தமைக்கு அவர் பெரிதும் காரணர். ஆயின் எக்சிமாவுக்கென அவர் பெயராற் புகழ்பெற்ற களிம்போ ஈயவொட்சைட்டையும் எண்ணெயையும் காய்ச்சிச் செய்யப்பட்டது. ஈயக் களிம்பைக் குழந்தைக்குப் பூசுவதை இன்று எவரும் கனவிலும் கருதார்.

ஹெப்ராவின் வெற்றியோடு களிம்புகளும் பொடிகளும் பெருகின. அவற்றுள் மிக மென்மையானது எனப் பெயரெடுத்தது போரிக் அமிலம். யோசேப்பு லிஸ்டர் 1870களிலே புண்களுக்கு அதனைப் பயன்படுத்திய பின்னர் அது வீட்டு மருந்தாயிற்று. எரிவு தராது, மணம் இல்லை, கண்ணைக் கழுவவும் ஏற்றது. இவையே அதன் நற்சான்றுகள். அணையாடையினால் வெந்த தோலுக்கும் கரப்பானுக்கும் தாய்மார் அதனைத் தாராளமாகத் தூவினர். மொன்றியல் நகரத்துக் குழந்தை வைத்தியர்களான கோல்ட்புளூம் இருவர், தந்தையும் மகனும், 1953இல் உலக வைத்திய ஏடுகளில் வெளிவந்திருந்த 109 போரிக் அமில நஞ்சூட்ட நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நஞ்சுற்றோருள் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் இறந்திருந்தனர். குழந்தைகளை மட்டும் நோக்கின் அது 70 சதவீதம். மருந்தை உண்டோர் மட்டுமன்றி, தீப்புண்ணிலும் தோற்புண்ணிலும் பூசப்பெற்றோரும் இவர்களுள் அடங்குவர். நஞ்சின் அறிகுறிகளுள் முதன்மையானது தோல் முழுவதும் கடுஞ்சிவப்பாகி உரிதல். இதிலுள்ள கொடுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோல் சிவந்தமையாற் பொடி தூவப்பட்டது; பொடியினால் தோல் மேலும் சிவந்தது; நோய் முற்றியது எனக் கருதிய கை மீண்டும் பொடியையே நாடியிருக்கக் கூடும்.

இரசத்தின் வரலாறு இதனினும் நீண்டது. நம் சித்த வைத்தியத்திலே பூரம் எனப்படும் இரசக் குளோரைட்டு, பிரித்தானியாவில் குழந்தைக்குப் பல் முளைக்கும் காலத்திற் கொடுக்கும் பொடிகளில் இடம்பெற்றிருந்தது. வெண் இரசக் களிம்பு சீழ்பிடித்த எக்சிமாவுக்குப் பூசப்பட்டது. கைகால்கள் சிவந்து, வெளிச்சத்தைக் காணவொட்டாது, ஓயாது அழுது மெலியும் 'செந்நோய்' ஒன்று அந்நாட்களிற் குழந்தைகளை வாட்டியது. அது உணவுக் குறையெனச் சிலரும் தொற்றுநோயெனச் சிலரும் வாதிட்டனர். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் யோசேப் வார்க்கனி, டொனால்ட் ஹபார்ட் என்போர் நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் இரசத்தைக் கண்டு 1948இல் அறிவித்தனர். 1954இற் பிரித்தானிய உற்பத்தியாளர் தம் பொடிகளிலிருந்து இரசத்தை நீக்கினர். சில ஆண்டுகளில் நோயும் ஏறக்குறைய மறைந்தது. காரணத்தை நீக்கியபின் நோயே மறைவது வைத்திய வரலாற்றில் அடிக்கடி கிட்டும் சான்றன்று.

இவ்விரண்டும் பழங்கால அறியாமையின் விளைவு எனச் சிலர் கூறக்கூடும். அடுத்துக் கூறப்படுவது ஆய்வுகூடக் காலத்தது. எக்சாகுளோரோபீன் என்னும் கிருமிகொல்லி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கப்பட்டது. பிரசவ விடுதிகளில் ஸ்ரபிலோகொக்கசுக் கிருமி பரவிச் சிசுக்களைக் கொன்ற 1950களில், 3 சதவீத எக்சாகுளோரோபீன் கரைசலாற் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் வழக்கம் பல நாடுகளிற் பரவியது. அது பயனளித்தது என்பதை மறுக்க இயலாது. சவர்க்காரத்திலும் பவுடரிலும் அப்பொருள் கலக்கப்பட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 1971இல் எலிகளில் நடத்திய சோதனைகள் அது மூளையின் வெண்பகுதியைச் சிதைப்பதைக் காட்டின. அவ்வாண்டு முடிவில் ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் சிசுக்களை அதனால் முழுமையாகக் குளிப்பாட்டுதல் ஆகாது என அறிவுறுத்தியது. அதன்பின் சில விடுதிகளிற் கிருமித் தொற்று மீண்டும் தலைதூக்கவே, அறிவுரை தவறானது என்று குரலெழுப்பியோரும் உளர்.

விவாதம் முடியுமுன்னரே பிரான்சிலிருந்து விடை வந்தது. 1972ஆம் ஆண்டு அந்நாட்டின் பல ஊர்களிற் குழந்தைகள் இன்னதென்று அறியவியலாத நோய்க்கு ஆளாயினர். அணையாடை மூடும் இடத்தில் தோல் வெந்து, பின்னர் வலிப்பும் உணர்விழப்பும் தோன்றின. மூளையழற்சி என்றே முதலில் எண்ணினர். இறுதியில் 'தால்க் மோர்ஹான்ஜ்' என்னும் குழந்தைப் பவுடரிலே தற்செயலாக 6 சதவீதத்துக்கு மேல் எக்சாகுளோரோபீன் கலந்துவிட்டமை கண்டறியப்பட்டது. 204 குழந்தைகள் நோயுற்றனர். அவர்களுள் 36 பேர் இறந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவில் அப்பொருள் வைத்தியர் சீட்டின்றி விற்கப்படாதவாறு தடுக்கப்பட்டது. பிரான்சு 1975இல் அழகுசாதனப் பொருள்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதுவரை குழந்தைப் பவுடரை மருந்து எனக் கொள்ளாமையால் மருந்துக்குரிய கண்காணிப்பு அதற்கு இருக்கவில்லை.

இங்கு ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. எக்சாகுளோரோபீனாற் பிறந்த சிசுக்களைக் குளிப்பாட்டிய இடங்களிலே நிறைமாதக் குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குத் தீங்கு வெளிப்படவில்லை. 1970களில் அமெரிக்காவில் இறந்த குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்தபோது, எடை மிகக் குறைந்த குறைமாதச் சிசுக்களிடமே சிதைவு மிகுந்து காணப்பட்டது. குறைமாதச் சிசுவின் மேற்றோல் முதிராதது; கரப்பானுற்ற குழந்தையின் மேற்றோல் சிதைந்தது. நல்ல தோலிற் பிழைத்துப்போகும் பொருள் இத்தகைய தோலின் வழியே குருதியைச் சென்றடையும். அன்றியும், சிறு குழந்தைக்கு எடையோடு ஒப்பிடுகையிற் தோற்பரப்பு வளர்ந்தோரைவிட மிகுதி. எனவே, ஒரு பொருள் தீங்கற்றதா எனத் தனியே வினவுவது முழுமையான வினாவாகாது; எத்தோலில், எவ்வளவு பரப்பில், எத்தனை நாள் என்பனவும் உடன் வினவப்படல் வேண்டும்.

ஸ்ரெரோயிட்டுக் களிம்புகளின் கதையைச் சுருங்கச் சொல்லலாம், அதனை இன்று அறியாதார் இலர். 1952இல் நியூயோர்க்கில் மரியன் சல்ஸ்பேகரும் விக்ரர் விற்றனும் ஐதரோகோட்டிசோன் பூச்சு எக்சிமாவைத் தணிப்பதைக் காட்டினர். 1960களில் அதனினும் பன்மடங்கு வலிய களிம்புகள் வந்தன. அளவின்றிப் பூசியமையால் தோல் மெலிந்தது, சில குழந்தைகளில் அதிரீனற் சுரப்பியின் தொழிலும் குன்றியது. அச்செய்தி பரவியதும் அச்சம் எதிர்ப்புறம் சாய்ந்தது. நொட்டிங்காமில் 200 நோயாளரிடையே நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 72.5 சதவீதத்தினர் இக்களிம்புகளைப் பற்றிக் கவலை தெரிவித்தனர். 24 சதவீதத்தினர் அக்கவலையாற் சிகிச்சையைச் சரிவரப் பின்பற்றவில்லை. வலிவு குறைந்த களிம்பை வைத்தியர் சொன்ன அளவிற் பூச அஞ்சி, குழந்தையைப் பல இரவுகள் அரிப்பில் விடுவதும் தீங்கே. இதனைச் சொல்வோர் குறைவு.

மருந்தைக் கண்டு அஞ்சியவர் அதன் தாங்குபொருளைக் கண்டு அஞ்சவில்லை. பிரித்தானிய மருந்து நூலில் இடம்பெற்ற 'அக்குவியஸ் கிறீம்' என்னும் நீர்க்களிம்பு இதற்குச் சான்று. அந்நூலைப் பின்பற்றிய நாடுகளிலெல்லாம், நம் நாடு உட்பட, அது விலை குறைந்த, எவர்க்கும் ஏற்ற களிம்பாகக் கொள்ளப்பட்டது. அதனைக் குழைத்து நிறுத்துவதற்குச் சேர்க்கப்படுவது சோடியம் இலோரில் சல்பேற்று, அதாவது நுரைக்கும் சவர்க்காரங்களிற் கையாளப்படும் அதே பொருள். ஆய்வுகூடங்களில் தோலை வேண்டுமென்றே எரிவூட்டிப் பரிசோதிப்பதற்கும் அதுவே பயன்படுவது. மைக்கேல் கோர்க்கும் அவரது குழுவினரும் 2003இல் 100 எக்சிமாக் குழந்தைகளின் அனுபவத்தை வெளியிட்டனர்: நீர்க்களிம்பைப் பூசிய வேளைகளில் 56 சதவீதத்தில் உடனடி எரிவோ அரிப்போ தோன்றியது, ஏனைய மென்மையூட்டிகளில் அது 18 சதவீதத்துக்கும் குறைவு. 2010இற் பாத் பல்கலைக்கழகத்தினர், நான்கு வாரம் அதனைப் பூசிய நல்ல தோலிலும் மேற்படை மெலிவதைக் கண்டனர். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரிக்கை விடுத்தது. அரை நூற்றாண்டாகப் 'பூசினால் எரிகிறது' என்று அழுத குழந்தைகளின் சொல், அடம் எனத் தள்ளப்பட்டு வந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

அதே 2003இல் வேறொரு செய்தியும் வந்தது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 13,971 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்விலே, நிலக்கடலை ஒவ்வாமையுற்ற குழந்தைகளுக்கு ஏனையோரைவிட மிகுதியாகக் கடலையெண்ணெய் சேர்ந்த களிம்புகள் பூசப்பட்டிருந்தமையை கிடியன் லாக் குழுவினர் காட்டினர். கடலையை உண்ணாத குழந்தை தோலின் வழியாகவே அதற்குப் பகையாகின்றது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 2006இல் டண்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர் இர்வின் மக்லீன் முதலானோர், மேற்றோலைக் கட்டமைக்கும் பிலகிரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்சிமாவுக்கு முக்கிய ஏதுவாதலை நிறுவினர். ஹெப்ரா கூறியது ஒருவகையில் மெய்யாயிற்று: குறை தோலிலேயே உள்ளது. 2015இல் லாக் குழுவினரே, கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளிடம் ஆராய்ந்து, கடலையைக் காலத்தே உண்ணக் கொடுத்தோர்க்கு ஒவ்வாமை பெரிதும் குறைந்ததைக் கண்டனர். வாய்க்கு நண்பனானது தோலுக்குப் பகையாகலாம்.

பழுதடையாது காக்கும் பொருள்களிலும் இதே போக்கைக் காண்கிறோம். பரபென்கள் மீது 2004 அளவில் ஐயம் எழ, பல உற்பத்தியாளர் அவற்றை விலக்கினர். இடத்தை நிரப்பிய பொருள்களுள் ஒன்றான மெதில் ஐசோதயசோலினோன் ஐரோப்பாவெங்கும் ஒவ்வாமை அலையொன்றைத் தோற்றுவித்தது. 2014இல் அமெரிக்க வைத்தியர் இருவர், ஈரத்துடைப்பான்களிலிருந்த இப்பொருளால் முகத்திலும் பிட்டத்திலும் புண்ணுற்ற ஆறு குழந்தைகளை விவரித்தனர். அவர்களிற் சிலர் எக்சிமா நோயாளராகவே நடத்தப்பட்டிருந்தனர். துடைப்பானை நிறுத்தியதும் புண் ஆறியது. 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், பூசி விடப்படும் பொருள்களில் அதனைச் சேர்த்தல் ஆகாது. பரபென்களோ, ஒவ்வாமை தருவதில் மிகக் குறைந்தவை என்று 2019இல் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கத்தினரால் எடுத்துக்காட்டப்பட்டன.

இவற்றையெல்லாம் வாங்குவோர் எவ்வாறு அறிவர்? புட்டியின் மேல் 'ஒவ்வாமை குறைந்தது' என்ற சொல் உள்ளது. 1975இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அச்சொல்லைப் பயன்படுத்துவோர் சோதனையால் அதனை நிறுவ வேண்டுமென விதித்தது. இரு அழகுசாதன நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியைச் செல்லாததாக்கியது. அன்றுமுதல் அந்நாட்டிலே அச்சொல்லுக்குச் சட்டப் பொருள் இல்லை. 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, குழந்தைகளுக்கெனவும் ஒவ்வாமை குறைந்ததெனவும் விற்கப்பட்ட 187 பொருள்களை ஆராய்ந்து, அவற்றுள் 89 சதவீதத்தில் அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள் ஒன்றேனும் இருந்ததைக் காட்டிற்று.

'இயற்கைப் பொருளே நன்று' எனச் சொல்வார்க்கும் வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. 2013ஆம் ஆண்டின் சோதனையில் ஒலிவ எண்ணெய் மேற்றோலைக் கெடுத்தது. சூரியகாந்தி எண்ணெய் காத்தது. மறு ஆண்டிற் பிலிப்பீன்சில் 117 குழந்தைகளிடையே நடந்த ஆய்வில், நம் தாய்மார் அறிந்த தேங்காய் எண்ணெய் தாது எண்ணெயைவிட நற்பயன் அளித்தது. எனினும் எண்ணெயும் களிம்பும் நோய் வருமுன் பூசினாற் காக்குமென்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பிரித்தானியாவில் எக்சிமா வரும் வாய்ப்பு மிகுந்த 1,394 சிசுக்களிடையே நடந்து 2020இல் முடிவு வெளியான ஆய்விலே, முதலாண்டு முழுவதும் நாள்தோறும் மென்மையூட்டி பூசப்பெற்றோர்க்கும் ஏனையோர்க்கும் எக்சிமா ஏற்பட்ட அளவில் வேறுபாடு இல்லை. தோற்றொற்று மட்டும் பூசப்பெற்றோரிடையே சற்று மிகுந்திருந்தது. நோய் தோன்றிய குழந்தைக்கோ மென்மையூட்டியே இன்றும் முதற் சிகிச்சை.