காவிரிப் படுகையில் எண்ணெய் சிக்கிய கதை

நிலத்தடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கிக் கிடக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மணற்பாறையின் நுண்துளைகளில் ஊறி நிற்கிறது.

கோண்டுவானா கண்டம் பிளந்தபோது காவிரிப் படுகையில் பள்ளங்களும் மேடுகளும் உண்டாயின. பள்ளத்தில் புதைந்த உயிர்ச்சத்து வெப்பத்தால் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறியது. நீரைவிட லேசானதால் மேடுகளை நோக்கி ஏறியது. மேலே களிப்பாறை மூடியிருந்த இடங்களில் சிக்கிக்கொண்டது; மூடி இல்லாத இடங்களில் கசிந்து போய்விட்டது.

ஓ.என்.ஜி.சி. 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு தோண்டியது. ஆனால் 1980-களில்தான் நரிமணத்தில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாறைகளுக்கு மேலே இருப்பது நெல்வயல். 2017-ல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய கிணறுகளுக்குத் தடை. பழையவற்றை அச்சட்டம் தொடவில்லை.