கரப்பான்பூச்சியும் ஹிரோஷிமா அரளியும்

அணு ஆயுதப் போர் வந்தா கடைசியில கரப்பான்பூச்சி மட்டும்தான் மிஞ்சும்! டீக்கடை பெஞ்சுல இருந்து கார்ட்டூன் படம் வரைக்கும் இதே கதைதான். மக்களே, கதிர்வீச்சைத் தாங்குறதுக்குப் போட்டி வச்சா கரப்பானுக்கு ஆறுதல் பரிசு கூட கிடைக்காது. ஒரே நேரத்தில் சுமார் 4 கிரே அளவு கதிர்வீச்சு பட்டால், வைத்தியம் கிடைக்காத மனிதர்களில் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். கரப்பான் அதைப் போல சுமார் 10 மடங்கு தாங்கும். வாழைப்பழத்தைச் சுத்தி மொய்க்கிற பழ ஈ அதைவிடக் கெட்டி. எல்லாருக்கும் பெரியண்ணன் 1956ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மாட்டினார். டின் இறைச்சி கெடாமல் இருக்கக் கதிர்வீச்சு பாய்ச்சிப் பார்த்தார்கள். இறைச்சி கெட்டுப்போச்சு! உள்ளே உயிரோடிருந்த பாக்டீரியாவின் பெயர் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். 5000 கிரே வாங்கினாலும், துண்டு துண்டான டி.என்.ஏ.வை ஒட்டுப்போட்டுக்கிட்டு எழுந்துரும்.

இதெல்லாம் ஆய்வுக்கூடக் கணக்கு. நிஜமாவே குண்டு விழுந்த ஊரில் பிழைச்சது யாருன்னு பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். இரண்டே நாளில் ஹரால்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அந்த மண்ணில் 70 வருஷத்துக்கு எதுவும் உயிர்வாழாது என்று சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. ஹிரோஷிமா மக்கள் வாயில் அது 75 வருஷமாகிப் பரவியது. உயிர் தப்பியவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? வீடு போச்சு, சொந்தம் போச்சு, இனி இந்த மண்ணும் இல்லைன்னு சொல்றாங்க.

சில வாரங்கள்தான். இடிபாடுகளுக்கு நடுவே பச்சை கிளம்பிருச்சு. 1946ல் வந்த ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' புத்தகத்தில் அந்தச் செடிகளின் பட்டியலே இருக்கு. அதில் ஒன்று, நம்ம ஊரில் மழை பெய்தால் ரோட்டோரம் முளைக்குமே தகரை, அந்த இனத்துச் செடி. கல்வாழையும் அரளியும் பூத்தன. ஆமாங்க, நம்ம அரளிதான்! 1973ல் ஹிரோஷிமா நகரத்தின் அதிகாரபூர்வ மலராகவே அதை அறிவித்தார்கள். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயிருந்து 370 மீட்டர் தள்ளி ஒரு வில்லோ மரம். தண்டு அடியோட போயிருச்சு, இப்ப நிற்பது வேரிலிருந்து துளிர்த்தது. 1,130 மீட்டரில் ஒரு கோயிலின் கின்க்கோ மரமும் தப்பியது. கோயிலைத் திரும்பக் கட்டும்போது மரத்தை வெட்டாமல், படிக்கட்டைப் பிரித்து அதைச் சுற்றிக் கட்டினார்கள். 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பிழைத்த மரங்கள் சுமார் 160.

இவை என்ன, டைனோகாக்கஸ் மாதிரி கெட்டியா? கிடையாது. வெளியில் நின்றதெல்லாம் கருகியது, மண்ணுக்குள் இருந்தது தப்பியது. அனல் அடித்தது சில நொடிதான், சில அங்குல ஆழத்துக்குக் கூட அது இறங்கலை. குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால், தரையில் வெடித்திருந்தால் விழுந்திருக்கும் கதிரியக்கச் சாம்பலில் சிறு பங்குதான் அங்கே விழுந்தது. செப்டம்பர் 17ல் ஒரு பெரும்புயல் வேற. அந்த மாவட்டத்தில் 2000 பேரைக் கொன்ற அதே வெள்ளம், மண்ணில் மிஞ்சிய கதிரியக்கத்தையும் கழுவிக்கொண்டு போனது.

முக்கியமான சமாச்சாரம், மறுநாளும் வெயில் அடிச்சுது. போர்னு வந்தா இந்த ஒன்றுக்குத்தான் உத்தரவாதம் இல்லை. கார்ல் சேகனும் சகாக்களும் 1983லேயே 'அணுக் குளிர்காலம்' பற்றி எழுதினார்கள். 2007ல் வந்த ஆய்வு இன்னும் நம்ம வாசல்கிட்ட. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவில் 100 குண்டு வீசிக்கிட்டா, எரியும் நகரங்களிலிருந்து 50 லட்சம் டன் கரிப்புகை மேலே போய் வருஷக்கணக்கில் வெயிலை மறைக்கும், மழையும் குறையும். அப்ப வேர் துளிர்த்து என்ன பண்ணும்? நம்ம வீட்டுக் கரப்பானும் காலிதான். அதுக்குக் கதகதப்பான சமையலறையும் சிந்தின சோறும் வேணும்.

கவலையே படாத ஆளும் ஒருத்தர் இருக்கார். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாக்டீரியா. பாறையில் இருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து தரும் ஹைட்ரஜன்தான் அதுக்குச் சாப்பாடு. அது வெயிலைப் பார்த்தே பல லட்சம் வருஷமாச்சு.