கொத்தவரை விதையும் அமெரிக்கப் பாறை வாயுவும்

கொத்தவரங்காயை (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சீனியவரைக்காய்) பொரியலுக்கும் வற்றலுக்கும் மேலே நம்மில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. நான் வேலை பார்க்கும் ஜோத்பூரில் கதையே வேறு. இங்கே அதன் பெயர் குவார். காயைவிட விதைக்குத்தான் மதிப்பு. விதையை உடைத்து எடுக்கிற பிசின் மாவைத் தண்ணீரில் கலந்தால் கூழ் மாதிரி கெட்டியாகும். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் சேர்ப்பார்கள். 2012-இல் இந்த விதை குவிண்டால் 30,000 ரூபாய் வரை போனதை இங்கே மண்டிக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது ஐஸ்கிரீம்காரர்கள் இல்லை, அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள்.

எதற்கு? ஃபிராக்கிங்குக்கு. அமெரிக்காவில் தேர்தல் வந்தால் "தடை செய்தால் வேலை போய்விடும்", "தடை செய்யாவிட்டால் தண்ணீர் போய்விடும்" என்று அடித்துக்கொள்கிறார்களே, அதே ஃபிராக்கிங்தான். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இந்த வார்த்தை காதில் விழாமல் இருந்திருக்காது. கதை பழையது. பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அங்கிருந்து படுக்கைவாட்டில் திருப்பி, தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். மணல் போய் விரிசலில் அடைத்து நின்று அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். வாயுவோ எண்ணெயோ கசிந்து மேலே வரும். வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும் அல்லவா? அதைச் சுமந்து போகிற கூழ்தான் நம்ம கொத்தவரை.

முதல் சோதனை 1947-இல் கான்சாஸ் மாநிலத்தில் நடந்தது. 1949-இல் ஹாலிபர்ட்டன் கம்பெனி அதை வியாபாரமாக்கியது. ஆனால் கெட்டியான களிப்பாறையில் இது லாபகரமாக வேலை செய்ய இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் கம்பெனி வருஷக்கணக்கில் பணத்தைக் கொட்டி, 1998 வாக்கில் வழி கண்டுபிடித்தது. 2004-இல் பென்சில்வேனியாவில் மார்செல்லஸ் என்ற பாறை அடுக்கில் ஒரு கிணற்றில் முயன்றார்கள். பலித்தது. நிஜமான சண்டை அங்கேதான் ஆரம்பம்.

மார்செல்லஸ் பாறை பென்சில்வேனியாவோடு நிற்கவில்லை. வடக்கே நியூயார்க் மாநிலத்துக்கு அடியிலும் போகிறது. நியூயார்க் என்றதும் உயரமான கட்டடங்களை நினைக்க வேண்டாம். இது மாநிலத்தின் தெற்கு விளிம்பு, பால்மாடும் சோளமும் உள்ள பகுதி. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே 42-ஆவது அட்சரேகையை ஒட்டி நேர்கோடாக எல்லை. கீழே பாறை ஒன்று, மேலே சட்டம் இரண்டு. எது சரி என்று சோதித்துப் பார்க்க யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அந்தப் பகுதியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். எண்டிகாட் என்ற ஊர் ஐபிஎம் வளர்ந்த இடம். அதற்கு முன்பு எண்டிகாட்-ஜான்சன் செருப்புத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. செருப்பு போனது. 2002-இல் ஐபிஎம் அந்த ஆலையை விற்றது. ஆலை இருந்த இடத்தைச் சுற்றி நிலத்தடியில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் பரவிக் கிடந்தது. ஆக, வேலை போனால் என்ன ஆகும் என்பதும், வேலை கொடுத்தவன் என்ன விட்டுவிட்டுப் போவான் என்பதும் அந்த ஜனங்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை. இரண்டு பக்கமும் ஏன் அவ்வளவு ஆவேசம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

2008-இல் குத்தகைத் தரகர்கள் வந்தார்கள். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசியதில் ஏக்கருக்கு 2,000 டாலருக்கு மேல் கிடைத்த இடமும் உண்டு. அதே வருஷம் ஆளுநர் டேவிட் பேட்டர்சன், சுற்றுச்சூழல் ஆய்வு முடியும்வரை அனுமதி கிடையாது என்று நிறுத்தி வைத்தார். ஆய்வு ஆறு வருஷம் இழுத்தது. அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கான கிணறுகள் வந்துவிட்டன. டிமாக் என்ற சின்ன ஊரில் 2009 புத்தாண்டு தினத்தன்று ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு மீத்தேன் சேர்ந்து வெடித்தது. அடுத்த வருஷம் 'காஸ்லேண்ட்' ஆவணப்படம் வந்தது. டிமாக் உலகம் பூராவும் பிரபலம்.

2014 டிசம்பர் 17 அன்று ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் அரசு தடையை அறிவித்தது. அப்படிப்பட்ட ஊரில் தானே குடியிருக்க மாட்டேன் என்ற பொருளில் சுகாதார ஆணையர் ஹோவர்ட் சக்கர் சொன்னார். அதே நாளில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: அந்தத் தெற்கு எல்லைப் பகுதி எதிர்பார்த்துக் காத்திருந்த கேசினோவும் அப்போது இல்லை என்றாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டு அடி. சில மாதங்களில், நாங்கள் பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிடுகிறோம் என்றுகூட எல்லையோர ஊர்கள் சில பேச ஆரம்பித்தன. நடக்காது என்று அவர்களுக்கும் தெரியும். வயிற்றெரிச்சல்தான்.

சரி, அந்தப் பக்கம் வேலை கொட்டியதா? இங்கேதான் கணக்கு சுவாரசியம். ஒரு கிணற்றுக்கு 31 வேலை வரை வரும் என்று தொழில்துறை பணம் கொடுத்த ஆய்வுகள் சொன்னன. 2013-இல் பல மாநில ஆய்வு அமைப்புகள் சேர்ந்து 2005 முதல் 2012 வரை எண்ணிப் பார்த்ததில், ஒரு கிணற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. 2021-இல் ஒஹையோ ரிவர் வேலி இன்ஸ்டிட்யூட் வாயு அதிகம் எடுக்கும் 22 மாவட்டங்களை ஆராய்ந்தது. 2008-க்கும் 2019-க்கும் இடையே அங்கே வேலைவாய்ப்பு 1.6 சதவீதம்தான் கூடியிருந்தது. நாடு முழுக்க 9.9 சதவீதம்.

வாயு வராமல் இல்லை, ஏராளமாக வந்தது. வேலை ஏன் வரவில்லை? கிணறு தோண்டும்போதுதான் ஆள் வேண்டும். லாரி ஓட்ட, குழாய் இறக்க, சிமெண்ட் போட. அதிலும் தேர்ந்த ஆட்கள் டெக்சாஸிலிருந்தும் ஓக்லஹோமாவிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி வேலை பார்த்தார்கள். உள்ளூரில் ஓட்டல்காரருக்கு யோகம், வாடகைக்கு இருந்தவருக்குத் திண்டாட்டம். தோண்டி முடித்தபின் ஓர் ஆள் வண்டியில் போய்ப் பல கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். 2012 ஏப்ரலில் வாயு விலை இரண்டு டாலருக்குக் கீழே விழுந்தது. துளையிடும் ரிக்குகள் எண்ணெய் உள்ள இடம் தேடிப் போய்விட்டன. யாரும் தடை போடவில்லை, விலையே போட்டது.

அதற்காக பென்சில்வேனியாவில் யாருக்கும் லாபமில்லை என்று சொன்னால் அது பொய். நிலம் வைத்திருந்தவருக்கு ராயல்டி வந்தது. சட்டப்படி குறைந்தது எட்டில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் கடனை அடைத்துப் பால்பண்ணையைக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. ஆக, "வேலை, வேலை" என்று கூச்சல் போட்ட வாதத்துக்கு உள்ளே இருந்தது பெரும்பாலும் நிலச் சொந்தக்காரரின் வருமானம். என் அபிப்பிராயத்தில் நியூயார்க் தடை சரியான முடிவுதான். ஆனால் தடை கேட்டவர்கள், நானூறு மாடு வைத்திருந்து நாற்பதுக்கு வந்துவிட்ட விவசாயிக்கு என்ன பதில் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

நமக்கு இது புரிவதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் இருப்பதும் தனியாருக்கே சொந்தம். அதனால்தான் "என் நிலத்தில் தோண்ட விடு" என்று தலைநகர் ஆல்பனியில் விவசாயிகளே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இங்கே பெட்ரோலியமும் வாயுவும் அரசாங்கத்துக்குச் சொந்தம். காவிரி டெல்டாவில் 2013-இல் நம்மாழ்வார் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனபோது, அடியில் வாயு வந்தால் எனக்குப் பங்கு என்று சொல்ல எந்த விவசாயிக்கும் வழி இல்லை. குத்தகைப் பணமும் இழப்பீடும்தான். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அங்கே நடந்ததைப் போல விவசாயி இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி ஜோத்பூர். பென்சில்வேனியா வாயுக் கிணறுகளில் பெரும்பாலும் வழவழப்பு ரசாயனம் கலந்த தண்ணீர்தான், கொத்தவரைக் கூழ் அதிகம் கிடையாது. கூழ் கேட்டது வடக்கு டகோட்டா, தெற்கு டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகள். 2012 மார்ச்சில் ஊக வியாபாரம் எல்லை மீறியதால் குவார் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். 2012-13-இல் பிசின் ஏற்றுமதி 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த பருவத்தில் எல்லாரும் குவார் விதைத்தார்கள், ஆலைகள் முளைத்தன. எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றுச் சரக்கு தேடிக்கொண்டன. 2014 கடைசியில் எண்ணெய் விலையும் விழுந்தது. 2015-16-இல் ஏற்றுமதி சுமார் 3,200 கோடி. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் முதல் வருஷ லாபத்தில் டிராக்டர் வாங்கினார், மூன்றாம் வருஷம் விற்றார். இங்கேயும் எந்தத் தடையும் இல்லை.

அங்கே அரசியல் மட்டும் ஓயவில்லை. 2019-இல் தடை வேண்டும் என்ற கமலா ஹாரிஸ், 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். பென்சில்வேனியாவின் 19 வாக்குகள் அப்படி. இத்தனைக்கும் தனியார் நிலத்தில் ஃபிராக்கிங்கைத் தடுக்க, காங்கிரஸ் சட்டம் போடாமல் எந்த ஜனாதிபதியாலும் முடியாது. நியூயார்க்கில் 2020-இல் தடை முறையான சட்டமானது. அந்தச் சட்டம் தண்ணீரைப் பற்றித்தானே பேசுகிறது என்று ஒரு கம்பெனி, தண்ணீருக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தலாம் என்று 2023-இல் தெற்கு எல்லை நிலச் சொந்தக்காரர்களுக்குக் குத்தகைக் கடிதங்கள் அனுப்பியது. பதினைந்து வருஷம் காத்திருந்தவர்களில் சிலர் கையெழுத்துப் போடவும் தயார். 2024 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் அதையும் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.