உறங்கக் கூடாத இரவு

பால்டிக் கடலோரத்தில் லாட்வியா என்று ஒரு சின்ன தேசம். ஜூன் 23-ந் தேதி மாலை, தலைநகரான ரிகாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நாட்டுப்புறத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பாங்கிக் குமாஸ்தாவும் கம்ப்யூட்டர் எஞ்சினீயரும் தலையில் ஓக் இலை சூடிக்கொள்கிறார்கள். பெண்கள் காட்டுப் பூக்களை வளையமாகக் கட்டி அணிகிறார்கள். சீரக ஜாதி விதை ஒன்றைப் போட்டுத் திரட்டிய பாலாடைக்கட்டி, அதற்குத் துணையாக பீர். விடியும்வரை தீ அணையக் கூடாது. உறங்கவும் கூடாது, உறங்குகிறவன் கோடை முழுவதும் தூங்கி வழிவானாம்! லாட்விய மொழியில் நெருப்புக்கு 'உகுன்ஸ்' என்று பெயர். நம் அக்கினிக்கு அது தூரத்து உறவு.

அங்கே கோடையின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 18 மணி நேரம். அந்த நாள் ஜூன் 21-ந் தேதி வாக்கில் வருகிறது. விழா மட்டும் ஏன் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போயிற்று? அது பாதிரிமார்களின் கைங்கரியம். 1201-ல் பிஷப் ஆல்பர்ட் ரிகாவை நிறுவினார். சிலுவையும் வாளும் சேர்ந்தே வந்தன. ஞானஸ்நான யோவான் ஏசுவைவிட ஆறு மாதம் மூத்தவர் என்பது லூக்கா சுவிசேஷம் சொல்லும் கணக்கு. அதனால் அவர் பிறந்த நாள் ஜூன் 24. குடியானவன் அதற்குத் தகராறு செய்யவில்லை. யோவானை 'யானிஸ்' ஆக்கினான். விழாவுக்கு 'யானி' என்று பெயரிட்டான். பழையபடியே சூரியனைப் பாடினான்.

அந்தப் பாட்டுக்களின் கதை தனிக் கதை. கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் என்பவர் மாஸ்கோவில் உபாத்தியாயராக இருந்தபோது, 1880-ல் எழுபது இழுப்பறைகள் கொண்ட ஓர் அலமாரி செய்வித்தார். துண்டுக் காகிதத்துக்கு ஒரு பாட்டாக, பெரும்பாலும் நாலு நாலு வரி, எழுதி எழுதி அதில் அடுக்கினார். 1894 முதல் 1915 வரை அவை அச்சில் வந்தபோது எண்ணிக்கை 2,17,996. எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. இத்தனையிலும் ஆசிரியர் பெயர் கிடையாது. பாடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1941-ஆம் வருஷத்து யானியை நினைத்தால் மனம் கனக்கிறது. ஜூன் 14-ந் தேதி ஒரே இரவில் சோவியத் அதிகாரிகள் 15,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, ரயிலில் ஏற்றி, சைபீரியாவுக்கும் வடக்குக்கும் அனுப்பினார்கள். ஜூன் 22-ல் ஹிட்லர் ரஷ்யாமீது பாய்ந்தான். ஜூலை 1-ந் தேதி ஜெர்மன் படை ரிகாவில் நுழைந்தது. இந்த இரண்டு வாரத்துக்கு நடுவே வந்து போனது அந்த வருஷத்து யானி.

யுத்தம் முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. தேசப் பற்றுள்ள கம்யூனிஸ்டுகளையே 1959-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பின் யானியும் விடுமுறைப் பட்டியலிலிருந்து மறைந்தது. 1988-ல்தான் அது திரும்ப வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் மலைகளிலும் பண்ணை வீடுகளிலும் தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டியலை அழிப்பது சுலபம். பாட்டியின் வாயை மூடுவது எப்படி?

இன்று அதில் மிஞ்சியிருப்பது பீரும் வாட்டிய இறைச்சியும்தான் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தீயின் வெளிச்சம் விழுகிற தூரம்வரை வயல் செழிக்கும் என்று நம்பினான் பழைய குடியானவன். குமாஸ்தாவுக்கு ஏது வயல்? வாதம் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் டிசம்பரில் ரிகாவின் பகல் ஏழு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. ஆபீஸுக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அப்படி ஒரு குளிர்காலத்தைக் கழித்தவனுக்கு, வயல் இல்லாவிட்டாலும், சூரியன் வெறும் பஞ்சாங்கச் சமாசாரம் ஆகிவிடாது. மின்சார விளக்கு கண்ணை ஏமாற்றலாம், உடம்பு ஏமாறுவதில்லை.

அந்த இரவில் இன்னொரு வழக்கம். நடுநிசியில் பெரணிச் செடி பூக்குமாம். இளம் ஜோடிகள் அதைத் தேடிக் காட்டுக்குள் போவார்கள். பெரணி பூக்கும் ஜாதி அல்ல என்பது பள்ளிக்கூடப் பாடம். தேடிப் போகிற ஜோடிகளும் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தாம்.