மலாயாப் பல்கலைக் கழகமும் தமிழ்ப் பொதுமக்களும்

ஜொகூர் பாருவில் எழுந்திருக்க வேண்டிய பல்கலைக் கழகம் ஒன்று அங்கு எழாமலே போயிற்று. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாகி, சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. ஆயினும் அதன் நிலையான இருப்பிடம் நீரிணையின் வடகரையாகிய ஜொகூர் பாருவே என்பது தொடக்க காலத்துத் திட்டம். அதற்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடு. மலாயாவோ 1948 முதல் கூட்டரசு. இரு நாட்டுக்கும் பொதுவான கல்விக் கோயில், இரண்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் தலைமாட்டில் நின்றால் எவருக்கும் குறையிராது என்று கருதினர். செலவு மிகுதி, பின்னர் அரசியற் காற்றும் திசை மாறியது. 1950களின் நடுவில் ஜொகூர்த் திட்டம் கைவிடப்பட்டது. 1957இல் எயிட்கன் குழு தந்த பரிந்துரையின்படி 1959இல் சிங்கப்பூரில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாகப் பல்கலைக் கழகம் இரு பிரிவாயிற்று. 1962 சனவரி முதல் நாள் அவை இரு தனிப் பல்கலைக் கழகங்களாயின.

ஜொகூர்த் தமிழருக்கு இதனால் நேர்ந்தது என்ன? குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டி வாழ்ந்த மக்களுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கும், பல்கலைக் கழகம் என்பது தெற்கே பாலத்துக்கு அப்பால் ஒன்றாகவும், வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் மற்றொன்றாகவும் நின்றுவிட்டது. எனினும் அவ்விரண்டிலும் தமிழ் இடம்பெற்ற வரலாற்றில் தோட்டத்து மக்களின் பங்கு சிறிதன்று.

பல்கலைக் கழகத்தில் மலாய் இயலும் சீன இயலும் 1950களின் தொடக்கத்திலேயே தனித் துறைகளாகிவிட்டன. இந்திய இயல் பற்றிப் பேச்செழுந்தபோது ஒரு வழக்கும் உடன் பிறந்தது. இந்தியப் பண்பாட்டுக்கு வாயில் எம்மொழி? வடமொழியா, தமிழா? கல்வியாளர் பார்வையில் இது பாடத்திட்டம் பற்றிய வினா. மேனாட்டுப் பல்கலைக் கழகங்களில் இந்திய இயல் என்றால் வடமொழியே முதலிடம் பெற்றிருந்தமையால், அதனை ஒட்டி எண்ணியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மலாயா நாட்டில் இந்தியர் என்போருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தோட்டப் பள்ளிகளில் நடந்தது தமிழ்க் கல்வி. அக்கல்வி ஆறாம் வகுப்போடு முட்டுச் சந்தில் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் தமிழுக்கு இருக்கை இல்லையேல் அடியில் உள்ள பள்ளிக்கு மதிப்பேது? வழக்கின் உயிர்நிலை இதுவே.

இவ்வழக்கைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்றவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசை'த் தோற்றுவித்தவர் அவர். 1952இல் அவர் தொடங்கிய தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவின் பல ஊர்களிலும் சமய, சாதிப் பிரிவு கடந்து கொண்டாடப்பட்டு வந்தது. அதன் மேடைகளில் பழகிய மக்களிடமே 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்கும் அவர் கை நீட்டினார். பல்கலைக் கழகத்தில் தமிழ் கற்பிக்க வேண்டுமாயின் நூலகத்தில் தமிழ் நூல்கள் வேண்டும். அவற்றைத் தமிழரே வாங்கித் தருவர் என்பது நிதியின் நோக்கம். பெருஞ் செல்வர் ஒருவரின் கொடையை அது எதிர்பார்த்திருக்கவில்லை. சிறு சிறு தொகைகளாகப் பலரிடமிருந்து திரட்டுவதே அதன் முறை.

இம்முறையின் சிறப்பு, அக்காலத்து வேறிரு முயற்சிகளோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது அண்ணாமலைச் செட்டியார் என்னும் ஒரு வள்ளலின் பொருளால். 1953இல் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக் கழகத்துக்கு வித்திட்ட டான் லார்க் சை ஐம்பது இலட்சம் வெள்ளி தந்தார். அதே நன்யாங்குக்கு மிதிவண்டி ரிக்ஷா ஓட்டுநர்கள் தம் ஒரு நாள் வருவாயைத் தந்தனர் என்பதையும் மறக்கலாகாது. தமிழர் நிதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தனிப் பல்கலைக் கழகம் எழுப்பும் வலிமை அவர்களுக்கில்லை. இருக்கும் பல்கலைக் கழகத்தில் ஓர் அலமாரி நூல்களுக்கு வழி செய்தார்கள். 1956இல் இந்திய இயல் துறை தொடங்கிற்று. தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. 1959இல் துறை கோலாலம்பூருக்கு, பந்தாய்ப் பள்ளத்தாக்கின் புதிய வளாகத்துக்குப் பெயர்ந்தது.

பொருள் தந்தவர்களுக்குப் பல்கலைக் கழகம் திருப்பித் தந்தது என்ன என்று கேட்பது முறையே. மாணவராய் உள்ளே நுழைய அவர்கள் பிள்ளைகளுள் மிகச் சிலராலேயே இயலும். மற்றவர்க்குத் திறந்த கதவு பொதுச் சொற்பொழிவு ஒன்றுதான்.

1961இல் துறைத் தலைமையை ஏற்க வந்தார் சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயின்றவர். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கித் தமிழாய்வை உலகறியச் செய்தவர். புதிதாக அமரும் பேராசிரியர் தம் துறையைப் பற்றி அவையறியப் பேருரை ஆற்றுவது ஆங்கில நாட்டுப் பல்கலைக் கழக மரபு. (நூல் செய்த புலவன் அதனை அவையில் அரங்கேற்றிய நம் மரபுக்கு இது அணுக்கமானதே. தடை எழுப்புவோர்க்கு மட்டும் இங்கே இடமில்லை.) அடிகள் 1962இல் ஆற்றிய தொடக்கப் பேருரையின் பொருள், இந்தியச் சிந்தனையும் உரோம நாட்டு ஸ்டோயிக் மெய்யியலும். செனகா, மார்க்கஸ் அரேலியஸ் முதலானோர் மனிதனை ஒரு நகரின் குடிமகன் என்னாது உலகின் குடிமகன் என்று கண்டனர். சங்கச் சான்றோரும் வள்ளுவரும் அதே நோக்கை வேறொரு மண்ணில் நின்று கண்டனர். உரோமக் கப்பல்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற நூற்றாண்டுகளை ஒட்டியே இவ்விரு சிந்தனையும் செழித்தன என்பது ஒப்பீட்டுக்குச் சுவை கூட்டுவது.

தலைப்பைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் தெரிகிறது. வடமொழியா தமிழா என்ற பழைய பூசலை அடிகள் கிளறவில்லை. தமிழை உரோமத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தமிழ் உலகச் சிந்தனை வரலாற்றுக்கு உரியது என்பது அவ்வொப்பீட்டிலேயே பெறப்பட்டது. ஆனால் உரை ஆங்கிலத்தில் அமைந்தது. நிதிக்குக் காசு கொடுத்த லயத்து மனிதர் அதனைக் கேட்டிருந்தால் எத்தனை விளங்கியிருக்கும்? அக்காலத்துப் பல்கலைக் கழகத்தின் மொழி ஆங்கிலமே என்பது விடையாகலாம், முழு விடையாகாது.

அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது 1966. அதற்கு இரண்டாண்டு முன், 1964 சனவரியில், கீழ்த்திசை ஆய்வாளர் பேரவை புதுதில்லியில் கூடியபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவர். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். முதல் மாநாட்டைச் சென்னையில் கூட்டியிருக்கலாம். அண்ணாமலை நகரிலும் கூட்டியிருக்கலாம். கூடியதோ 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக் கழகத்தில். தமிழர் அறிஞராய் அன்றித் தொழிலாளராய் வந்து சேர்ந்த நாட்டில் தமிழாராய்ச்சியின் முதல் உலக அவை கூடிற்று. பிரதமரும் அப்பல்கலைக் கழக வேந்தருமாகிய துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலம் வந்திருந்தார். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவரும் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் துணை நின்றார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், தொழிலாளரே மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர் இந்தச் சம்பந்தன். சிறு காசு சேர்த்துப் பெரும் பொருள் கொள்ளும் வழியை அவர் நன்கறிந்தவர்.

பல நாட்டறிஞரும் கட்டுரை படித்தனர். அக்கட்டுரைகள் பின்னர் இரு தொகுதிகளாயின. அதே ஆண்டில் அடிகள் தொகுத்த தமிழாய்வு நூல் வழிகாட்டியைப் பல்கலைக் கழகமும், துறையைச் சேர்ந்த சிங்காரவேலுவின் பண்டைத் தமிழர் வாழ்வு பற்றிய ஆங்கில நூலைத் துறையும் வெளியிட்டன. ஆராய்ச்சிக்கு இவை பெருஞ் செல்வம். எனினும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கண்டுகொண்டது வேறொன்று: தம் பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் கற்கும் மொழிக்காகப் பாரிசிலிருந்தும் பிராகாவிலிருந்தும் அறிஞர் வந்து பேசுகின்றனர் என்பதே அது.

அறிஞர் அவையும் மக்கள் கூட்டமும் எவ்வாறு ஒருங்கே நடப்பது என்னும் சிக்கல் அதன் பின்னும் தீரவில்லை. 1968 சனவரியில் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சென்னையில் கூடிய இரண்டாம் மாநாடு மக்கள் திருவிழாவாகவே ஆயிற்று. கடற்கரைச் சிலைகள் பலவும் அதன் நினைவே. 1970இல் பாரிசில் நடந்தது ஆய்வரங்கு மட்டும். 1974இல் யாழ்ப்பாணத்தில் அரங்கினுள் ஆய்வு இனிதே முடிந்தது. சனவரி 10ஆம் நாள் வெளியே திரண்ட பொதுக் கூட்டத்தில் போலீசார் புகுந்ததால் உயிர்கள் பலியாயின. கோலாலம்பூர் மீண்டும் 1987இலும் 2015இலும் 2023இலும் மாநாட்டை வரவேற்றது. 2015இலும் 2023இலும் மலாயாப் பல்கலைக் கழகமே களம்.

மாநாடுகள் ஆண்டுக்கணக்கில் ஒரு முறை வருவன. இடைக்காலத்தில் பல்கலைக் கழகத்தையும் ஊர்களையும் இணைத்து வைத்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. மலாயாப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரவை 1980களில் தொடங்கிய சிறுகதைப் போட்டியும், அதன் விளைவாகிய 'பேரவைக் கதைகள்' தொகுப்பும் வளாகத்துக்கு வெளியே எழுதுவோர்க்கும் இடம் தந்தன. முன்னர்க் குறித்த ஆங்கிலப் பேருரையில் இல்லாத ஒன்று இங்கு உண்டு: பல்கலைக் கழகம் பேச, ஊர் கேட்பது என்னும் நிலை மாறி, ஊர் எழுத, பல்கலைக் கழகம் படிக்கலாயிற்று.

ஜொகூருக்கும் காலந்தாழ்ந்து பெரும் பல்கலைக் கழகம் ஒன்று வந்தது. 1985இல் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் பெரு வளாகம் திறக்கப்பட்டது. அது பொறியியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரியது. 1949இல் எண்ணிய பல்கலைக் கழகம் அன்று.

'தமிழ் எங்கள் உயிர்' நிதி நூல்களுக்காகத் தொடங்கியது என்றோம். 1969இல் மலாயாப் பல்கலைக் கழக நூலகம் இராம சுப்பையா தொகுத்த ஒரு பட்டியலை வெளியிட்டது. பெயர் 'தமிழ் மலேசியானா'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களும் இதழ்களும் அதில் நிரல்பட அடங்கின. தமிழகத்திலிருந்து நூல் வாங்கி நிரப்பத் தொடங்கிய அலமாரியில், இந்நாட்டுத் தமிழர் தாமே எழுதி அச்சிட்டவையும் அதற்குள் இடம்பெற்றிருந்தன.