எழுநூறு வருஷத்து ஊர், எழுபது வயசுக் கட்டடங்கள்

கொஞ்சம் நீளமான இழை. டூட்டி முடிஞ்சவங்க டீயோட உட்காருங்க.

ஐரோப்பால ஒரு தலைநகரத்தோட பழைய ஊருக்குள்ள நடந்து போறீங்கன்னு வைங்க. கல் பாவின தெரு. மஞ்சள், சிவப்பு, வெளிர் பச்சைன்னு தோளோடு தோள் ஒட்டி நிக்கிற ஒடுக்கமான மாடி வீடுகள். நடுவுல ஒரு சதுக்கம். குதிரை வண்டி கூட நிக்குது. பார்த்த உடனே "அடேயப்பா, 1600கள்ல கட்டினதை எப்படிப் பாதுகாத்து வச்சிருக்காங்க பாரு"ன்னுதான் தோணும்.

எனக்கும் தோணுச்சு. உண்மை என்னன்னா, அந்தச் சதுக்கத்து வீடுகள் எங்கப்பாவை விட ரெண்டு மூணு வயசுதான் மூத்தது.

ஊர் பேரு வார்சா. போலந்தோட தலைநகரம். அங்க வேலை பார்க்கிற நண்பன் கூப்பிட்டான், சேர்த்து வச்ச லீவுல நாலு நாள் போயிட்டு வந்தேன். சாப்பாடு, ஷாப்பிங் பத்தி எழுதப் போறதில்லை. நடந்த கதையையும், அந்தத் தெருக்கள்ல நடந்த கதையையும் எழுதுறேன்.

முதல்ல பின்னணி. 'தி பியானிஸ்ட்' படம் பார்த்திருப்பீங்க. கடைசில ஹீரோ சுவர் ஏறிக் குதிப்பார், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் இடிஞ்ச தெரு மட்டும்தான் தெரியும். அது சினிமாவுக்காகக் கூட்டிக் காட்டினது இல்லீங்க. 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி வார்சா மக்கள் ஜெர்மன் ராணுவத்துக்கு எதிரா ஆயுதம் எடுத்தாங்க. 63 நாள் தாக்குப் பிடிச்சாங்க. பொதுமக்கள் மட்டுமே ஒன்றரை லட்சத்துக்கும் மேல செத்தாங்க. சரணடைஞ்ச பிறகு மிச்சம் இருந்த சனங்களை எல்லாம் ஊரை விட்டு வெளியேத்திட்டு, காலி ஊருக்குள்ள தனிப் படைகள் இறங்குச்சு. துப்பாக்கி தூக்கின படை இல்லை. நெருப்பும் வெடிமருந்தும் தூக்கின படை. தெருத் தெருவா, வீடு வீடா கொளுத்தினாங்க, வெடி வச்சாங்க. 1945 ஜனவரி 17ல சோவியத் படை உள்ள வந்தப்ப ஊரோட சுமார் 85 சதவீதம் இடிபாடு.

சண்டையில இடிஞ்சது வேற. சண்டை முடிஞ்சதுக்கு அப்புறம், எதிர்க்க ஆளே இல்லாத ஊரை உட்கார்ந்து இடிச்சது வேற. இந்த ரெண்டாவதை மனசுல வச்சுக்கோங்க.

நடக்க ஆரம்பிக்கிற இடம் அரண்மனைச் சதுக்கம். நடுவுல உயரமான தூண், மேல மூணாம் சிகிஸ்மண்ட் ராஜா. 1644ல வச்சது. ஆனா இப்ப நிக்கிறது மூணாவது தூண். முதல் தூண் பழுதாகி 1887ல மாத்தினாங்க. மாத்தின தூணை 1944 செப்டம்பர் 1ல ஜெர்மன்காரங்க சாய்ச்சாங்க. 1949ல புதுசு. பழைய ரெண்டு தூணும் அரண்மனைச் சுவர் பக்கத்துல புல்தரைல படுத்துக் கிடக்கு. பெரும்பாலான ஆட்கள் மேல இருக்கிற ராஜாவை செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுறாங்க. நீங்க போனா அந்தப் படுத்திருக்கிற தூண்களைப் பாருங்க.

அரண்மனைக் கதை இன்னும் மோசம். 1939 செப்டம்பர் 17 குண்டுவீச்சுல தீப்பிடிச்சப்ப அதோட கோபுரக் கடிகாரம் 11.15க்கு நின்னு போச்சு. அதுக்கப்புறம் ஆக்கிரமிச்ச ஜெர்மன்காரங்க சுவர் முழுக்க வெடிமருந்து வைக்கத் துளை போட்டாங்க. அந்தத் துளைகள் நாலு வருஷத்துக்கு மேல அப்படியே காத்திருந்து, 1944 செப்டம்பர்ல வேலைக்கு வந்துச்சு. இதுக்கு நடுவுல தேசிய அருங்காட்சியகத்து இயக்குநர் ஸ்தானிஸ்வாஃப் லோரென்ஸும் அவரோட ஆட்களும் உயிரைப் பணயம் வச்சு, கதவுத் துண்டு, கல் வேலைப்பாடு, ஓவியம்னு கையில கிடைச்சதை எல்லாம் வெளிய கடத்திட்டாங்க. 1971ல மக்கள் நன்கொடைல திரும்பக் கட்ட ஆரம்பிச்சப்ப, அந்தத் துண்டுகள் பழைய இடத்துலயே போய் உட்கார்ந்துச்சு. 1974 ஜூலைல புதுக் கோபுரத்துக் கடிகாரத்தை ஓட விட்டாங்க. எத்தனை மணிக்கு? 11.15க்கு.

சரி, எல்லாமே இடிஞ்சு போச்சு. அப்ப எதைப் பார்த்து இவ்வளவு அச்சு அசலா கட்டினாங்க?

கைடுகள் எல்லாரும் சொல்ற பதில்: ஓவியத்தைப் பார்த்து. பெர்னார்டோ பெல்லோட்டோன்னு ஒரு இத்தாலிக்காரர், 1700களோட பின்பாதியில போலந்து ராஜாவோட அரசவை ஓவியர். வார்சா தெருக்களை ஜன்னல் ஜன்னலா வரைஞ்சு வச்சிருக்கார். அதுல 22 படங்கள் இப்பவும் அரண்மனைல ஒரே அறைல தொங்குது. அழகான கதை, பொய்யும் இல்லை. பெரிய தெருக்களுக்கும் அரண்மனைகளுக்கும் அது உதவுச்சு. ஆனா ஓவியம் முகப்பைத்தானே காட்டும்? சுவர் எத்தனை அடி தடிமன், படிக்கட்டு எங்க திரும்புது, நிலவறை எவ்வளவு ஆழம்... ஓவியர் அதை எல்லாம் வரைய மாட்டார்.

அதை வரைஞ்சது மாணவர்கள்.

வார்சா பாலிடெக்னிக்ல ஆஸ்கர் சோஸ்னோவ்ஸ்கின்னு ஒரு பேராசிரியர். போருக்கு முன்னாடியே மாணவர்களை அளவு நாடாவோட பழைய கட்டடங்களுக்கு அனுப்பி ஒவ்வொண்ணையும் அளந்து வரைபடமா சேர்த்துக்கிட்டே வந்தார். 1939 முற்றுகைல அந்தச் சேகரிப்பைக் காப்பாத்தப் போய்க் காயம்பட்டே செத்துப் போனார். அவருக்கு அடுத்து யான் ஸக்வாதோவிச்னு ஒரு கட்டடக் கலைஞர் அந்த வேலையை ஆக்கிரமிப்புக் காலத்துலயே ரகசியமா நடத்தினார். யோசிச்சுப் பாருங்க. வெளிய ரோந்துப் படை. உள்ள ஒருத்தர் ஜன்னல் அகலத்தை அளந்து நோட்டுல எழுதுறார். அந்த ஜன்னல் நாளைக்கு இருக்குமான்னே தெரியாது. 1944 கடைசில ஊர் எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப அந்தக் காகிதங்களை வெளிய கடத்தி, பியோட்ர்கூஃப்ங்கிற ஊர்ல ஒரு மடத்துல ஒளிச்சு வச்சாங்க. அந்தக் காகிதம்தான் நீங்க இன்னைக்கு நடக்கிற தெரு.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு சீனியர் இருந்தார். நடுராத்திரி ரெண்டு மணிக்கு நாப்பது நோயாளி வரிசைல நின்னாலும் "கேஸ் ஷீட்ல எழுதாதது நடக்கவே இல்லைன்னு அர்த்தம்யா"ன்னு திட்டுவார். அப்ப எரிச்சலா வரும். வார்சா சதுக்கத்துல நிக்கும்போது அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

1945 பிப்ரவரில தலைநகர் மறுகட்டுமான அலுவலகம் ஆரம்பிச்சாங்க. அக்டோபர் 26ல ஒரு அரசாணை போட்டு ஊர் நிலம் மொத்தத்தையும் அரசு எடுத்துக்கிச்சு. இது இல்லாம இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்காது. நிலத்தை இழந்த குடும்பங்களோட வழக்கு இத்தனை வருஷம் கழிச்சும் ஓயலைங்கறதும் இதோட இன்னொரு பக்கம். செங்கல் பத்தலைன்னு வேற ஊர்கள்ல இருந்து கொண்டு வந்தாங்க. வடக்குப் பக்கம் பார்பகன்னு ஒரு கோட்டை வாசல் இருக்கு, அதோட செங்கல் நிசா, விரோட்ஸ்வாஃப் ஊர்கள்ல இடிச்ச பழைய கட்டடங்களோடது. ரெண்டும் போர் முடியற வரைக்கும் ஜெர்மன் ஊர்கள்!

சதுக்கம் 1953 ஜூலை 22ல திறந்தாங்க. அது அன்னைய கம்யூனிஸ்ட் அரசோட பண்டிகை நாள். அதனால இதுல அரசியல் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அதே மாதிரி எல்லாத்தையும் அப்படியே கட்டவும் இல்லை. போருக்கு முன்னாடி இது ஏழைங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த பகுதி. கொல்லைப் பக்கம் காத்தும் வெளிச்சமும் புகாத அளவுக்குக் கட்டடம் மேல கட்டடம். அந்தப் பின்கட்டுகளை எல்லாம் விட்டுட்டாங்க. முகப்பு பழசு, உள்ள குளியலறையோட ஃப்ளாட். ஒரு மருத்துவனா எனக்கு இதுல புகார் எதுவும் இல்லை!

"இது போலிதானே?"ன்னு கேக்குறவங்க உண்டு. யுனெஸ்கோ 1980ல இதை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது கல்லோட வயசுக்காக இல்லை, திரும்பக் கட்டின அந்த வேலைக்காக. 2011ல அந்த மறுகட்டுமான அலுவலகத்துக் கோப்புகளையும் உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்துட்டாங்க.

பார்பகனைத் தாண்டினா ஃப்ரேட்டா தெரு. 16ஆம் எண் வீடு, மேரி க்யூரி 1867ல பிறந்த இடம். அதுவும் 1944ல வெடி வச்சுத் தகர்த்து, திரும்பக் கட்டினதுதான். புத்துநோய்க்குக் கதிர் சிகிச்சை எழுதற எல்லா டாக்டரும் இந்த வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கலாம்.

அங்கிருந்து ஒரு திருப்பத்துல ட்வூகா தெரு. 7ஆம் எண், ராச்சிஞ்ஸ்கி அரண்மனை. இங்கதான் எனக்குக் கால் நகரலை. எழுச்சி சமயத்துல இது ஆஸ்பத்திரி. பழைய ஊர் விழப் போகுதுன்னு தெரிஞ்சதும் 1944 செப்டம்பர் தொடக்கத்துல போராளிகள் சுமார் 5,000 பேர் பக்கத்துல இருந்த ஆள்நுழை குழி வழியா சாக்கடைக்குள்ள இறங்கி, இருட்டுல மணிக்கணக்கா நடந்து நகரத்தோட மையப் பகுதிக்குத் தப்பினாங்க. நடக்க முடிஞ்சவங்க போனாங்க. கால் எலும்பு முறிஞ்சவனை, வயித்துல குண்டு பட்டவனைச் சாக்கடைக்குள்ள எப்படித் தூக்கிட்டுப் போறது? விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. செப்டம்பர் 2ல ஜெர்மன் படை உள்ள வந்துச்சு. படுக்கைல கிடந்த நூத்துக்கணக்கான காயம்பட்டவங்களைக் கொன்னுட்டாங்க.

யாரை முதல்ல பார்க்கணும், யார் காத்திருக்கலாம்னு பிரிக்கிறது எங்க தினசரி வேலை. யாரை விட்டுட்டுப் போகணும்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. அந்தக் கட்டடம் இன்னைக்குப் போலந்தோட பழைய ஆவணக் காப்பகம்.

பெரும்பாலான சுற்றுலாக்காரங்க இதோட திரும்பிடுவாங்க. நீங்க தயவுசெஞ்சு மேற்கே இன்னும் ஒரு கால் மணி நேரம் நடங்க. போற வழியில நடைபாதைல ஒரு இரும்புப் பட்டை பதிச்சிருக்கும். 1940 முதல் 1943 வரைக்கும் கெட்டோ சுவர் நின்ன கோடு அது. போருக்கு முன்னாடி வார்சா சனத்தொகைல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் யூதர். அந்தச் சுவருக்குள்ள நாலு லட்சத்துக்கும் மேல அடைச்சு வச்சிருந்தாங்க. பசி, டைஃபஸ், அப்புறம் 1942 ஜூலைல இருந்து ட்ரெப்ளிங்கா விஷவாயு முகாமுக்கு ரயில். அனாதைக் குழந்தைகள் இல்லம் நடத்தின மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் தன்னோட குழந்தைகளோடயே அந்த ரயில்ல ஏறினார். 1943 எழுச்சிக்கு அப்புறம் மொத்தப் பகுதியையும் தரைமட்டம் ஆக்கிட்டாங்க.

பழைய ஊரை ஜன்னல் அளவு மாறாம கட்டினவங்க இதைக் கட்டலை. மூரனூஃப்னு புதுக் குடியிருப்பு, இடிபாட்டை அள்ளக்கூட முடியாம அது மேலயே எழுப்பினது. செங்கல் தூளையே கலந்து கட்டின சுவர்கள். சில வீடுகள் மேடு மேல நிக்கும், ஏறப் படிக்கட்டு இருக்கும். அது மண் மேடு இல்லை. அந்தத் தெருக்களை ஞாபகம் வச்சுக்கிட்டுத் திரும்பி வந்து, என் வீட்டைக் கட்டிக் குடுன்னு கேட்க ஆள் மிஞ்சலை.

ஆனா அங்கயும் ஒரு காகிதம் தப்பிச்சது. 1942ல கெட்டோவுக்குள்ள இருந்த யூத மருத்துவர்கள், இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கிங்கிறவர் தலைமைல, பட்டினி மனுஷ உடம்பை என்ன செய்யுதுன்னு முறையா ஆய்வு செஞ்சாங்க. ரத்தம், இதயம், கண், குழந்தைகள்னு தனித்தனியா. நோயாளிக்குக் குடுக்கச் சோறு இல்லை. ஆய்வு செஞ்ச டாக்டர்களுக்கே சோறு இல்லை. வைத்தியம் பண்ண முடியாத நிலைல அவங்களால முடிஞ்சது பார்த்ததை எழுதி வைக்கிறது. ரயில்கள் கிளம்பினதும் ஆய்வு பாதியில நின்னுது. கையெழுத்துப் பிரதியைச் சுவருக்கு வெளிய இருந்த விதோல்ட் ஓர்வோவ்ஸ்கிங்கிற போலந்து மருத்துவப் பேராசிரியர் கிட்ட சேர்த்துட்டாங்க. 1946ல வார்சாலயே புத்தகமா வந்துச்சு. எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க அதைப் பார்க்க உயிரோட இல்லை.

இருட்டறதுக்குள்ள மறுபடி பழைய ஊருக்குத் திரும்பினேன். சதுக்கத்துல கடற்கன்னி சிலையைச் சுத்திப் பசங்க தண்ணில விளையாடிட்டு இருந்தாங்க. மாடி ஜன்னல்ல ஒரு பாட்டி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க. நண்பன் சொன்னான், அங்க இருக்கிற பழைய குடும்பங்கள்ல சில பேர் 1953ல சாவி வாங்கினவங்கன்னு.