அறியாமை இன்பமும் அறிவின் துன்பமும்: அம்மாபேட்டை நெசவாளரை முன்வைத்து ஓர் ஆய்வு

அறிவு துன்பம் தரும், அறியாமையே இன்பம் தரும் என்னும் கருத்து உலகில் பலராலும் பலகாலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. ஒன்றும் அறியாதவனுக்கு ஒரு கவலையும் இல்லை என்ற பொருள்பட மக்கள் பேசவும் கேட்கின்றோம். இக்கருத்தை ஆராயப் புகுவோர் அது மெய்யோ பொய்யோ என்று மட்டுமே பெரும்பாலும் வினவுவர். அதற்கு முன்னர் வினவத்தக்கன இரண்டு உண்டு. இதனைச் சொல்லுவோர் யாவர்? யாரைக் குறித்துச் சொல்லுகின்றனர்? இவற்றிற்கு விடை காணின், இக்கருத்து இருவேறு நெறியில் வழங்கியமை புலனாகும். கற்றவர் தம்மையே நொந்து கூறுவது ஒன்று. கற்றவர் கல்லாதாரை நோக்கி, ‘நீவிர் கல்லாதிருத்தலே நன்று’ எனக் கூறுவது மற்றொன்று. முன்னது இலக்கியமாயிற்று, பின்னது அரசியலாயிற்று. இரண்டினையும் வேறு பிரித்துக் காண்டலும், பின்னதனைச் சேலம் நகரின் ஒரு பகுதியாகிய அம்மாபேட்டையின் நெசவாளர் வாழ்வோடு பொருத்தி நோக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் இலக்கியச் சான்றுகள்

புறநானூற்று 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதும், மகளிரொடு கைகோத்து ஆடியதும், மடுவில் துடுமெனக் குதித்து அடிமணலை எடுத்துக் காட்டியதும் அவர் நெஞ்சில் நிழலாடுகின்றன. கோலூன்றி, இருமலிடையே சில சொற்களே பேசும் முதுமையில் நின்று, கல்வி அறியா அவ்விளமை எங்குச் சென்றதோ என்கின்றார். ஈண்டு அவர் இழந்து வருந்துவது இளமையையே. கல்லாமை அவ்விளமைக்கு ஓர் அடைமொழியாக நிற்கின்றது. தாம் கற்றதற்காக அவர் வருந்தினார் என்று கொள்ளப் பாட்டில் இடமில்லை.

திருக்குறளில் அறியாமையைப் புகழ்வதுபோல் தோன்றும் இடங்கள் மூன்றனை எடுத்துக் காட்டலாம். கற்றார் முன் வாய்திறவாதிருக்கப் பெறின் கல்லாதவரும் மிக நல்லவரே என்பது கல்லாமை அதிகாரத்தில் உள்ளது (403). பேதையாரிடம் கொண்ட நட்பு மிக இனிது, ஏனெனின் பிரிவின்கண் அது துன்பம் தருவதில்லை என்பது பேதைமை அதிகாரத்தது (839). நன்மை அறிவாரைக் காட்டிலும் கயவர் பேறுடையர், அவர்க்கு நெஞ்சில் கவலை இல்லையாதலின் என்பது கயமை அதிகாரத்தது (1072). மூன்றும் புகழ்வது போன்று பழிப்பன என்பது அதிகார வைப்பினாலேயே விளங்கும். எனினும் இறுதிக் குறளில் ஓர் உண்மையும் உளது. நன்று இது, தீது இது என்று அறிந்தவனுக்குக் கவலை உண்டு என்பதனை வள்ளுவர் மறுத்திலர். அக்கவலை இன்மையைச் செல்வம் எனக் கொள்வோரையே எள்ளுகின்றார்.

இக்கருத்தினை நேராகவே கூறியவர் பதினெட்டாம் நூற்றாண்டினராகிய தாயுமானவர். திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரசில் பணியாற்றியவர் என மரபு கூறும் இப்பெரியார், ‘சித்தர் கணம்’ என்னும் பகுதியில் கல்லாதவர்களே நல்லவர்கள் எனப் பாடினார். அதற்கு அவர் காட்டும் காரணம் கருதத்தக்கது. ஞானமே சிறந்தது என்பாரிடம் கன்மமே சிறந்தது என வாதிடுதலும், வடமொழி வல்லார் வரின் தமிழிலும் தமிழ் வல்லார் வரின் வடமொழியிலும் பேசி மருட்டுதலும் ஆகிய வித்தை தமக்கு வீடு தருமோ என்று தம்மையே அவர் வினவுகின்றார். கல்வியைச் செருக்கிற்கும் வாதிற்கும் பயன்படுத்தும் பிழையே அங்குக் கடியப்படுகின்றது. இருமொழிப் புலமையும் சமய நூலறிவும் உடைய ஒருவரே அவ்வாறு பாட இயலும் என்பதும் வெளிப்படை.

ஆகவே தமிழ் மரபில் கல்லாமையைப் புகழ்ந்தவர் கற்றவரே. அவர் புகழ்ந்ததும் தம் குறையைத் தாம் உணர்ந்தமையால் ஆகும். பிறர் கல்லாதிருத்தல் வேண்டும் என இவருள் ஒருவரும் கூறிற்றிலர்.

இங்கிலாந்தில் நிகழ்ந்த மாற்றம்

கற்றவரின் இந்த நொந்துரை, கல்லாதார்மேற் செலுத்தும் விதியாக மாறுதலை இங்கிலாந்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். அறியாமை இன்பமாக இருக்குமிடத்து அறிவுடைமை மடமையே எனும் கருத்தை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர் தாமசு கிரே. ஈட்டன் பள்ளிச் சிறுவர்கள் பின்வருந் துன்பங்களை அறியாது விளையாடுதலைக் கண்டு 1742இல் அவர் அப்பாட்டை எழுதினார். ஈட்டனோ செல்வர் மக்கள் பயிலும் பள்ளி. 1751இல் வெளிவந்த இரங்கற்பாவில் அதே கிரே, ஊர்ப்புறக் கல்லறைகளில் துயிலும் ஏழை உழவர்க்கு அறிவு நூலின் ஏடுகள் திறக்கப்படாமையால் அவர்தம் ஆற்றல் வெளிப்படாதே மறைந்ததனை எண்ணி வருந்தினார். ஒரே புலவர், செல்வச் சிறுவர்க்கு அறியாமையை இன்பம் என்றும், ஏழைக்கு அதனை இழப்பு என்றும் கண்டார்.

பின்வந்த அரசியலார் முற்பாட்டின் கருத்தை ஏழைகள்மேல் ஏற்றினர். 1807இல் ஊர்தோறும் பள்ளி அமைக்கும் சட்ட முன்வரைவு பாராளுமன்றத்தில் வந்தபொழுது, டேவிசு கிடி என்னும் உறுப்பினர் அதனை எதிர்த்தார். ஏழைகட்குக் கல்வி அளித்தல் அவர்தம் ஒழுக்கத்திற்கும் இன்பத்திற்கும் கேடாம். தம் வாழ்நிலையை அவர் வெறுக்கத் தொடங்குவர் என்பது அவர் வாதம். அம்முன்வரைவு பிரபுக்கள் அவையில் தோல்வியுற்றது. அறியாமை இன்பம் என்னும் கருத்து, யார் யார்க்குச் சொல்லுகின்றார் என்பதால் பொருள் வேறுபடுதலை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம்

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய வினா எழுந்தது 1953இல் ஆகும். அப்பொழுது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் சி. இராசகோபாலாச்சாரியார். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர் அவர். தொடக்கப்பள்ளி மாணவர் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியிற் பயில்வதும், எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பதும் அவர் கொணர்ந்த திட்டத்தின் சாரம். அது முதற்கண் ஊர்ப்புறப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது.

அவர்பால் நடுவுநிலை வழுவாது நோக்குதல் வேண்டும். அறியாமை நன்று என அவர் சொன்னாரிலர். கைத்தொழிலும் கல்வியே என்பது அவர் கொள்கை. அதற்குக் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி முன்னோடியாக இருந்தது. ஒரே பள்ளியில் இருமுறை வகுப்பு நடத்தின் மிகுதியான சிறுவர் இடம் பெறுவர் என்பதும் அவர் கருத்து. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18.33 பேரே ஆதலின், அக்கவலை வெற்றுரை அன்று. ஆயினும் தந்தையின் தொழிலே மகன் கற்கவேண்டிய தொழில் எனக் கொண்டமையால், எவ்வறிவு எவர்க்கு உரியது என்பதனைப் பிறப்பே வரையறுப்பதாயிற்று. ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதனை எதிர்த்தனர். காங்கிரசாருள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்பிரலில் இராசாசி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானபின், அவ்வாண்டு மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

அம்மாபேட்டை நெசவாளர்

இவ்வினாவை ஒரு நெசவாளர் தெருவில் நின்று நோக்குவோமாயின் அதன் இருபுறமும் விளங்கும். அம்மாபேட்டை, குகை முதலிய பகுதிகளால் சேலம் நெசவுக்குப் பேர்பெற்றது. அதன் வெண்பட்டு வேட்டி நாடறிந்தது. பாவுக்கு இழை எண்ணுதலும், அச்சிலும் விழுதிலும் இழை கோத்தலும், கரைக்கு வண்ணம் பொருத்துதலும், நாடாவின் ஓட்டத்திற்கேற்ப மிதி மாற்றுதலும் எழுதாக் கல்வியாம். தறியில் அமர்ந்தவனைக் கல்லாதவன் எனல் பொருந்தாது. இராசாசியின் கொள்கையில் உண்மை இருந்த இடம் இதுவேயாகும்.

எனினும் நெசவாளனுக்கு வேண்டும் அறிவு தறியோடு முடிவதில்லை. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளியிடம் முன்பணம் பெற்றவன், பேரேட்டில் எழுதப்பட்டதனைப் படிக்க அறியாதிருப்பின், கடன் எவ்வளவு என்பதனை அவன் அறியான். அறியாதவரை கவலை குறைவாக இருத்தலும் கூடும். ஆனால் கடன் குறைவதில்லை. இந்நிலையை மாற்றவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பெற்றது. விதியையும் வரவு செலவையும் படித்தறியும் உறுப்பினர் இலராயின் சங்கமும் சிலரது கைப்பொருளாகிவிடும் அன்றோ!

காலமும் கருதற்பாலது. 1952, 1953 ஆண்டுகளில் கைத்தறித் துணி விலைபோகாது தேங்க, நெசவாளர் பசியால் வாடினர். திராவிட முன்னேற்றக் கழகத்தார் அத்துணியைத் தெருக்களிற் சுமந்து விற்றனர். வேட்டி, சேலை நெய்தலைக் கைத்தறிக்கே ஒதுக்குமாறு இராசாசியும் நடுவணரசை வற்புறுத்தினார். தந்தையின் தொழில் சோறு தாராத அதே காலத்தில், மகனும் அத்தொழிலையே கற்க என்பது எங்ஙனம் ஆறுதலாகும்? ஆலைத்துணியின் போட்டி, நூல் விலை, அரசின் சட்டம் ஆகியன தறிக்கு அப்பாற்பட்டவை. அவற்றை அறிதற்குப் பள்ளியும் செய்தித்தாளும் வேண்டும். சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டம் பின்னர் 1985இல் இயற்றப்பட்டது. அத்தகைய சட்டமும் அதனை அறிந்து கேட்போர் உளராயின் அன்றிப் பயன் தருவதில்லை.

அறிவு துன்பம் தராது என நாம் கூறவில்லை. படித்த மகன் பேரேட்டைப் படித்துக் காட்டிய நாளில் தந்தையின் உறக்கம் கெட்டிருத்தல் கூடும். படித்தபின் வேலை கிடையாமல் தறிக்கும் திரும்ப மனமின்றி நின்ற இளைஞரின் வருத்தமும் பொய்யன்று. ஆயின் கடன், அறிந்தவனுக்குத் தீர்க்கத்தக்க ஒன்றாகின்றது. அறியாதவனுக்கோ அது விதியாகத் தோன்றுகின்றது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட தொலைவே கல்வியின் பயன்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அறியாமையைப் புகழ்ந்த தமிழ்ச் சான்றோர் தம் கல்வியின் குறை நோக்கியே புகழ்ந்தனர். பிறர்க்கு அதனை விதித்திலர். ஒருவன் தான் கற்றதனால் வந்த துன்பத்தை நொந்துகொள்ளுதல் அவன் உரிமை. பிறனொருவன் அத்துன்பத்தைத் தாங்கான் எனத் தானே முடிவு செய்து, அவனுக்கு ஏட்டை மூடிவைத்தல் எவர்க்கும் உரிமையன்று. தாயுமானவரின் பாட்டைக் கற்றோர் தம்மை நோக்கி ஓதிக்கொள்ளலாம். அம்மாபேட்டைச் சிறுவனை நோக்கி ஓதலாகாது. அவனும் கற்றபின், கல்லாமை இனிதோ கல்வி இனிதோ என்பதனை அவனே சொல்லட்டும்.